பி.எஸ்சி. கணிதம் படிக்கும்போதே முடிவு செய்ய: வாத்தியார் வேலையா, டேட்டா வேலையா?

போன ஜூன் கடைசியில் அண்ணன் மகள் ஒரு தாளோடு வந்து நின்றாள். பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம் தொடங்கும் நேரம். அல்லைட் பாடமாக, அதாவது கணிதத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடமாக, இயற்பியலா, புள்ளியியலா என்று டிக் அடித்துக் கொடுக்க வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

"எதை அடிக்கட்டும் அத்தை?"

"நீ என்ன வேலைக்குப் போகப்போற?"

"அப்பா டீச்சர்ங்கறாங்க. எனக்கும் பிடிக்கும். ஆனா டேட்டா, ஸ்டாடிஸ்டிக்ஸ்னு படிச்சா நல்லா இருக்கும்னு எங்க சீனியர் அக்கா சொல்றாங்க. அதுவும் பிடிக்கும்."

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைக் கணித ஆசிரியை. வருடத்துக்கு நாலைந்து பிள்ளைகளாவது இதே கேள்வியோடு வருகிறார்கள். ஊரில் கிடைக்கும் பதில் இரண்டுதான். "பொம்பளைப் பிள்ளைக்கு வாத்தியார் வேலைதான் தோது" என்பது ஒன்று. "இனிமே எல்லாம் ஏஐதான், பி.எட். எல்லாம் வேஸ்ட்" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் அந்த டிக் அடிக்கும் தாளைப் பார்த்ததே கிடையாது. அவளுக்குச் சொன்னதையும், பிறகு இருவரும் சேர்ந்து செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். கணிதத்துக்குப் பதில் வேறு பாடம் என்றாலும் வழிமுறை பெரும்பாலும் ஒன்றுதான்.

பிடித்தது எது என்பது அப்புறம். முதலில் எந்தக் கதவு எப்போது மூடும் என்று பாருங்கள்

இரண்டாம் வருடத்தில் "நான் என்ன ஆவேன்" என்று முடிவெடுத்தே தீர வேண்டும் என்பதில்லை. 19 வயதில் அது யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் முடிவெடுக்காமலே சில கதவுகள் மூடிக்கொள்ளும். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். நான் 2004-ல் சேர்ந்தேன். எங்களுக்கு அல்லைடில் புள்ளியியல் அல்லது வேதியியல். லேப் இருந்தால் மார்க் அள்ளலாம் என்று ஒரு சீனியர் சொன்னதைக் கேட்டு வேதியியல் எடுத்தேன். பியூரெட்டில் சொட்டுச் சொட்டாக விட்டு இளஞ்சிவப்பு வருகிற நொடியில் திருகை மூடுவதில் எனக்கு நல்ல கைராசி. மார்க்கும் வந்தது. அந்த வேதியியலால் அதற்குப் பிறகு ஒரு நாள்கூடப் பயனில்லை.

2016. எம்.எஸ்சி., பி.எட். முடித்து, தனியார் பள்ளியில் ஆறு வருடம் ஓட்டியிருந்தேன். முதுகலை ஆசிரியர் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டைவிட்டாயிற்று. கூட வேலை பார்த்த தோழி யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வைப் பற்றிச் சொன்னாள். வயது வரம்பு 30, எனக்கு 29. ஆசையாக அறிவிக்கையை இறக்கிப் படித்தால் தகுதிப் பத்தியில் ஒரு வரி: பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது புள்ளியியலில் முதுகலை வேண்டும். என் மதிப்பெண் பட்டியலில் அந்தச் சொல்லே இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஒரு டிக். யாரைக் கோபித்துக்கொள்வது?

அதனால் நான் சொல்லும் முதல் வேலை இதுதான். கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு பக்கத்தை நடுவில் கோடு கிழித்து இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் மற்றொன்று. ஒவ்வொரு வழியிலும் உண்மையில் ஆள் எடுக்கும் இரண்டு மூன்று அறிவிக்கைகளை இறக்கி, தகுதிப் பத்தியை மட்டும் கையால் எழுதுங்கள். சம்பளம், காலியிடம் எதுவும் இப்போது வேண்டாம். யூடியூபில் ஒருவர் சொன்னது கணக்கில் வராது. அறிவிக்கையில் இருக்கும் சொற்கள் அப்படியே வர வேண்டும், ஏனென்றால் சான்றிதழ் சரிபார்ப்பில் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தச் சொற்களைத்தான் பார்ப்பார்.

அவள் எழுதியதிலிருந்து சில:

ஆசிரியர் பக்கம். ஆறு முதல் பத்து வரை எடுக்கும் பட்டதாரி ஆசிரியர் என்றால் பி.எஸ்சி. கணிதம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டின் இரண்டாம் தாள். டெட் பாஸானால் வேலை என்று இன்னும் பல வீடுகளில் நினைக்கிறார்கள். இல்லை. அதற்கு மேல் நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு எடுக்கும் முதுகலை ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் வேண்டும், இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும், அல்லது இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரியை அவளை விட்டுச் சிவப்பு மையில் எழுத வைத்தேன். இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்பதால் 'கிராஸ் மேஜர்' என்று ஒரே வார்த்தையில் வெளியே போனவர்கள் எனக்குத் தெரிந்தே உண்டு. "பயன்பாட்டுக் கணிதம்", "கணினிப் பயன்பாட்டுடன் கணிதம்" என்றெல்லாம் பட்டத்தின் பெயர் நீண்டிருந்தால், இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

டேட்டா பக்கம். தனியார் கம்பெனிகள் பட்டத்தின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. செய்து காட்டச் சொல்வார்கள். அரசுப் பக்கம்தான் கறார். மத்திய அரசு வேலைகளுக்குப் பட்டதாரிகளை எடுக்கும் எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 சதவீதம் இருந்தாலே போதும், அல்லது பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். ஆனால் அதே அறிவிக்கையில் புள்ளியியல் ஆய்வாளர் இரண்டாம் நிலை என்று இன்னொரு பதவி. அதற்கு மூன்று வருடமும், அதாவது ஆறு செமஸ்டரும், புள்ளியியல் படித்திருக்க வேண்டும். நம் ஊர்க் கணிதப் பட்டத்தில் அல்லைட் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். ஆகவே அந்தக் கதவு, அவள் சேர்ந்த அன்றே மூடிவிட்டது. அதை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனோம். மூடிய கதவு எது என்று தெரிவதும் ஒரு நிம்மதிதான்.

இதையெல்லாம் எழுதி முடிக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. அதன்பின் அந்த வெள்ளிக்கிழமைக் கேள்விக்கு விடை தானாகவே வந்துவிட்டது. புள்ளியியல் எடுத்தால் ஆசிரியர் வழியில் எதுவும் கெடாது. இயற்பியல் எடுத்தால் இன்னொரு வழியில் சில கதவுகள் சாத்தும். வேலையை முடிவு செய்யாமலே பாடத்தை முடிவு செய்தாயிற்று. பெரும்பாலான குழப்பம் இப்படித்தான் தீரும்.

சிலபஸை மூன்று கலர் பேனாவில் பாருங்கள்

உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் ஆறு செமஸ்டர் சிலபஸும் ஒரே பிடிஎஃபாகக் கிடக்கும். பிரிண்ட் எடுங்கள், கடையில் 40, 50 ரூபாய் ஆகும், பரவாயில்லை. இரண்டு வழிக்கும் வேண்டிய தாளுக்குப் பச்சை, ஒன்றுக்கு மட்டும் வேண்டியதற்கு நீலம், எதற்கும் உதவாததற்குப் பென்சில்.

பச்சைதான் அதிகம் வரும் என்பது அவளுக்கு ஆச்சரியம். நேரியல் இயற்கணிதம் இரண்டு பக்கமும் வேண்டும். மெய்ப்பகுப்பாய்வு, அதாவது எல்லோரும் பயப்படும் ரியல் அனாலிசிஸ், முதுகலை ஆசிரியர் தேர்விலும் உண்டு, ஐஐடி எம்.எஸ்சி.க்கான ஜாம் கணிதத் தாளிலும் உண்டு. முதுகலை ஆசிரியர் தேர்வில் 150 கேள்வியில் 110 பாடத்திலிருந்து வரும், 30 கல்வியியல், 10 பொது அறிவு. ஆக, ஐந்தாம் செமஸ்டர் அனாலிசிஸை நோட்ஸ் மனப்பாடம் பண்ணித் தாண்டியவர்கள் எந்தப் பக்கம் போனாலும் திரும்ப வந்து அதைப் படிக்கத்தான் வேண்டும். நானே 27 வயதில் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து சீரான தொடர்ச்சியை முதலிலிருந்து படித்தவள்.

பென்சிலில் விழுந்தவற்றை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. அரியர் வைத்தால் எல்லாக் கதவும் சேர்ந்து சாத்தும். பாஸாகும் அளவுக்குப் படித்துவிட்டுப் போங்கள், உயிரை விட வேண்டாம். ஆனால் பகுதி ஒன்றில் வரும் தமிழ் மொழிப்பாடத்தைப் பென்சிலில் போடாதீர்கள். ஆசிரியர் தேர்வில் 50 மதிப்பெண்ணுக்குத் தமிழ்த் தகுதித்தாள் உண்டு, அதில் 20 எடுக்காவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

அதேபோல் தமிழ்வழி. எங்கள் பெண் பன்னிரண்டு வரை தமிழ்வழி. மாநில அரசு வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆனால் அந்தப் பதவிக்குக் கேட்கும் எல்லாப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று 2020 திருத்தம் சொல்கிறது. பட்டதாரி ஆசிரியர்தான் இலக்கு என்றால் பி.எஸ்சி.யும் பி.எட்.டும் தமிழ்வழியில் படிப்பது பெரிய பலம். முதுகலைக்கு எம்.எஸ்சி.யும் தமிழ்வழி வேண்டும், அது கிடைப்பது அரிது. டேட்டா பக்கம் போனால் தேர்வும் வேலையும் ஆங்கிலத்தில்தான். இங்கே உண்மையிலேயே ஒன்றை விட்டால்தான் ஒன்று. அவள் ஏற்கெனவே ஆங்கிலவழியில் சேர்ந்திருந்தாள், அதனால் எங்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. உங்களுக்கு இருந்தால் முதல் செமஸ்டரிலேயே யோசியுங்கள்.

அப்புறம் எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் வரும். எந்த மேடம் நன்றாக நடத்துவார், எதில் இன்டர்னல் தாராளம் என்பதெல்லாம் நியாயமான காரணங்கள்தான், நானும் மறுக்கவில்லை. இரண்டும் சமமாக இருந்தால் எண்ணியல் முறைகளோ, பைத்தான் நிரலாக்கமோ எடுங்கள். 'நான் முதல்வன்' திட்டத்தில் செமஸ்டருக்கு ஒரு திறன் பாடம் வரும். வகுப்பில் பாதிப்பேர் அதை வருகைப்பதிவுக்கு மட்டும் போகிற மணி நேரமாகவே நினைக்கிறார்கள். தேர்வு செய்யும் வாய்ப்பு கொடுத்தால் நீல வண்ணத்தில் எது விட்டுப்போயிருக்கிறதோ அதை அங்கே போடலாம்.

கல்லூரியில் கிடைக்காததற்கு, ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல் இருக்கிறது. சேர்ந்து படிக்கப் பணம் இல்லை, சான்றிதழ் தேர்வு எழுத ஒரு பாடத்துக்கு ஆயிரம் ரூபாய். ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும். ஆர்வக்கோளாறில் நான்கு பாடத்தில் சேர்ந்து மூன்றாவது வாரமே நான்கையும் விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சென்னை ஐஐடியின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பிஎஸ் பட்டத்தையும் பலர் கேட்கிறார்கள். 2022-லிருந்து ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யூஜிசி அனுமதி உண்டு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் அது பக்கத்தில் வைத்துப் படிக்கும் படிப்பல்ல. வாராவாரம் வேலை இருக்கும், தேர்வுக்கு மையத்துக்கு நேரில் போக வேண்டும். அரியர் இல்லாமல், காலை பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் போகாமல் இருப்பவர்கள் யோசிக்கலாம். எங்கள் பெண்ணுக்குத் தினமும் போகவர மூன்று மணி நேரம். வேண்டாம் என்றேன்.

ஆறு வாரம், இரண்டு வேலையும்

மூன்றாம் செமஸ்டர் தேர்வு முடிந்து விடுமுறை. "இப்பச் சொல்லு, எது?" என்று அண்ணன் ஆரம்பித்தார். நான் நடுவில் புகுந்து, ஆறு வாரம் அவகாசம் கேட்டேன். இரண்டு வேலையையும் வீட்டிலேயே செய்து பார்க்கட்டும் என்றேன்.

இதில் ஒரு சின்ன நிபந்தனை. பிடித்ததா என்று எழுதக் கூடாது. எந்த நேரத்தில் கடிகாரத்தைப் பார்த்தாய், எந்த வேலையைத் தள்ளிப்போட்டாய், இந்த இரண்டை மட்டும் எழுத வேண்டும்.

ஆசிரியர் வேலைக்கு, தெருவில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஏழு பிள்ளைகளுக்குத் திண்ணையில் மாலை டியூஷன். டேட்டா வேலைக்கு என்ன கொடுப்பது என்று யோசித்தேன். இணையத்தில் சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்த தரவுகள் ஆயிரம் கிடைக்கும். அதில் வேலை பார்த்தால் வேலை என்னவென்றே தெரியாது. எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. என் அப்பா தினமும் டைரியில் மேட்டூர் அணை நிலவரம் எழுதுவார். அவருக்குப் பிறகு அண்ணன் எழுதுகிறார். டெல்டாவில் நெல் போடுகிறவர்களுக்கு ஜூன் 12-ல் ஆற்றில் தண்ணீர் திறப்பார்களா என்பதுதான் வருடத்தின் முதல் கேள்வி. 120 அடி அணையில் இன்று எத்தனை அடி என்பதைப் பேப்பரில் பார்த்து எழுதாமல் அவர்களுக்குக் காபி இறங்காது. நீர்மட்டம், வரத்து, திறப்பு என்று ஒரு நாளைக்கு ஒரு வரி. ஏழு டைரிகளை எடுத்துக் கொடுத்து, எக்செல்லில் ஏற்றி, எந்த வருடம் எந்த வாரத்தில் மட்டம் ஏறுகிறது என்று படம் போட்டுக் காட்டு என்றேன்.

முதல் வாரம் டியூஷன்தான் ஜெயித்தது. நிகழ்தகவு நடத்தினாள். இரண்டு நாணயம் சுண்டினால் இரண்டும் தலை விழ வாய்ப்பு என்ன? ஒரு பையன் மூன்றில் ஒன்று என்று அடம்பிடித்தான். இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ, அவ்வளவுதானே அக்கா? புத்தகத்தில் நான்கு என்று போட்டிருக்கிறது என்பதை அவன் ஏற்கவில்லை. இவள் உள்ளே ஓடிப்போய் ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் கொண்டுவந்து, இரண்டையும் அவனையே சுண்டச் சொன்னாள். "ஒரு ரூபா தலை, அஞ்சு ரூபா பூ. இப்ப ஒரு ரூபா பூ, அஞ்சு ரூபா தலை. ரெண்டும் ஒண்ணாடா?" அவன் முகம் மாறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். 15 வருடமாக நான் அந்தக் கணக்கை நடத்துகிறேன். வேறு வேறு நாணயம் எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அதே வாரத்தில் டைரி வேலை மகா அலுப்பு. தட்டச்சு, தட்டச்சு, தட்டச்சு. அப்பாவின் 1-ம் 7-ம் ஒன்றுபோல் இருக்கும். மணிக்கு நான்கு தடவை கடிகாரத்தைப் பார்த்ததாக நோட்டில் எழுதியிருந்தாள்.

இரண்டாம் வாரம் நிலைமை மாறியது. முதல் படம் போட்டபோது கோடு கீழே புல் மாதிரி ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரே ஒரு முள் கூரையை முட்டியது. 120 அடி அணையில் 1,021 அடித் தண்ணீர். 102.1-ல் புள்ளி விட்டுப்போயிருக்கிறது. அப்படி எத்தனை இருக்கும் என்று தேட ஆரம்பித்தவள் இரவு பன்னிரண்டு வரை எழவில்லை. ஒரே நாளில் மட்டம் மூன்று அடிக்கு மேல் மாறியிருந்தால் சிவப்பாகக் காட்டு என்று எக்செல்லில் எப்படிச் சொல்வது என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள். சிவப்பான சில நாள் தப்பே இல்லை, கர்நாடகத்தில் மழை கொட்டி வெள்ளம் வந்த நாட்கள். எது கைத்தவறு, எது வெள்ளம் என்று ஒவ்வொன்றாக வரத்துக் கணக்கோடு ஒப்பிட்டாள்.

ஒரு இடத்தில் பதினாறு நாள் எதுவுமே இல்லை. "இங்க தாத்தா எழுதலையா?" என்று டைரியோடு வந்தாள். தேதியைப் பார்த்தேன். அப்பா இறந்ததிலிருந்து காரியம் முடிகிற வரைக்கும். பதினேழாம் நாள் அண்ணனின் கையெழுத்து. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அவள் கேட்டாள்: "இந்த இடத்துல என்ன போடறது அத்தை? பூஜ்யமா? முன்னாடி நாள், பின்னாடி நாள் சராசரியா?" அணையில் தண்ணீர் இருந்தது, எழுத ஆள் இல்லை, அதனால் பூஜ்யம் பொய். சராசரி போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் யாரோ அளந்த மாதிரி ஆகிவிடும். காலியாகவே விடு, ஏன் காலி என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுது என்றேன். புள்ளியியல் படிக்காத நான் சொன்னது சரிதான் என்று பிறகு அவள் வகுப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள்.

ஆறாம் வாரம் நோட்டைத் திறந்து பார்த்தோம். நடத்துகிற நேரம் கடிகாரம் பார்க்கவில்லை. நோட்டுத் திருத்துவதை மட்டும் பதினோரு முறை தள்ளிப்போட்டிருக்கிறாள். ஏழு பிள்ளை நோட்டுக்கே இப்படி. எனக்கு ஒரு வகுப்பில் 48 நோட்டு, மூன்று வகுப்பு. தரவில் தட்டச்சு செய்வதை மூன்று முறை தள்ளிப்போட்டிருக்கிறாள், பிழை தேடுவதை ஒருமுறைகூட இல்லை.

எல்லா வேலையிலும் முக்கால்வாசி இந்த மாதிரிச் சலிப்புதான். வகுப்பில் நின்று ஒரு பையனின் முகம் மாறுவதைப் பார்ப்பது வாரத்தில் பத்து நிமிடம். மீதி திருத்தல், ரெக்கார்டு, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு. டேட்டா வேலையிலும் படம் போடுவது கடைசி அரை மணி நேரம், மீதி எல்லாம் புள்ளி விட்டுப்போனதைத் தேடுவது. பிள்ளைகள் அந்தப் பத்து நிமிடத்தையும் அரை மணியையும் ஒப்பிட்டு முடிவெடுக்கிறார்கள். மீதியை ஒப்பிடுங்கள் என்பது என் கட்சி.

காலமும் காசும்

அண்ணனோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதுகலை ஆசிரியர் வழி: பி.எஸ்சி. 3, எம்.எஸ்சி. 2, பி.எட். 2, ஆக 7 வருடம். என் காலத்தில் பி.எட். ஒரே வருடம்தான். அதற்குப் பிறகு தேர்வு. அது வருடா வருடம் வராது. 2017, 2019, 2022, 2025 என்று பார்த்தால் இடைவெளி புரியும். வந்துவிட்டால் அடிப்படைச் சம்பளம் 36,900-ல் தொடங்கும், படிகள் தனி. வரும் வரைக்கும் தனியார் பள்ளியில் என்ன கொடுப்பார்கள் என்று எழுத வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். நான் ஏழு வருடம் வாங்கினேன்.

மற்ற வழி: எம்.எஸ்சி. புள்ளியியல் 2 வருடம், 5-ல் வேலைக்கு முயலலாம். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, பாரதியார் என்று இங்கேயே துறைகள் உண்டு. புதுவை, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பிஜி என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐஐடி என்றால் ஜாம், அதில் கணிதம் தனித் தாள், கணிதப் புள்ளியியல் தனித் தாள். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தில் டேட்டா சயின்ஸ் எம்.எஸ்சி. இருக்கிறது, தனி நுழைவுத் தேர்வு, கட்டணத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகமான ஐஎஸ்ஐயில் சேர்ந்தால் உதவித்தொகை தருகிறார்கள், நுழைவுத் தேர்வு கடினம்.

இங்கேதான் அண்ணனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. எம்.எஸ்சி. புள்ளியியலுக்குப் போனால் முதுகலைக் கணித ஆசிரியர் கதவு சாத்தும், கிராஸ் மேஜர். ஆனால் பி.எஸ்சி. கணிதப் பட்டம் எங்கேயும் போகாது. நாளைக்கே மனம் மாறினாலும் பி.எட்., டெட், நியமனத் தேர்வு என்று பட்டதாரி ஆசிரியராக வரலாம். எதிர்த் திசையில் எம்.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு டேட்டாவுக்குப் போவதும் நடக்கும், ஆனால் பைத்தானும் புள்ளியியலும் சொந்த முயற்சியில் ஏற்ற வேண்டும். முழுக்க அடைபடும் பாதை இரண்டிலும் இல்லை. அவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரை வைத்துவிட்டு, "அப்ப ஏன் இவ்வளவு நாள் சண்டை?" என்றார். சண்டை போட்டது அவர்தான், நான் சொல்லவில்லை.

கடைசியாகத் தேதி. முடிவுக்கு ஒரு தேதி வைக்காவிட்டால் அது உங்களுக்காக நிற்காது. ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். அதாவது மூன்றாம் வருடம் தொடங்கி மூன்றே மாதத்தில் எந்தத் தாள் என்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுத் தேதி ஆகஸ்ட் 31. அதுவரை இரண்டுக்கும் பொதுவான பச்சைத் தாள்கள் போய்க்கொண்டிருக்கும். ஞாயிறு மட்டும் திண்ணையில் டியூஷன், நோட்டுத் திருத்தலோடு.

கணிதப் புள்ளியியல் தாள் பக்கம் அவள் சாய்வது தெரிகிறது. நான் கேட்கவில்லை. போன வாரம் அண்ணன் வழக்கம்போல் பேப்பரைப் பார்த்து டைரி எழுத உட்கார்ந்தபோது பின்னால் போய் நின்றாள். "அப்பா, புள்ளியைத் தெரியற மாதிரி வைங்க. ஒண்ணுக்கு மேல கோடு போடாதீங்க, ஏழுன்னு ஆயிடுது." அன்றிலிருந்து அவர் பேனாவை அழுத்திக் குத்துகிறார். அடுத்த பக்கத்தில் பள்ளம் விழுகிறது.